வடக்கு பார்த்த சுவர்: கோவைக் கடைவீதியில் ஒரு படத்திட்டம்

பின்னணி

கோவையின் பழைய கடைவீதிப் பகுதியில், ஒரே தெருவில் நிற்கும் கட்டடங்களைக் கலைப்படங்களாக எடுக்கத் தீட்டிய திட்டம் ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. நவம்பரில் தொடங்கிய வேலை அடுத்த செப்டம்பரில் சிறு கண்காட்சியாக முடிந்தது. இடையில் திட்டத்தை ஒருமுறை முழுதாகக் கலைத்தோம். ஏன் கலைத்தோம், அதன் பிறகு என்ன நடந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். தெருவின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் வராது. பெயரை வெளியிடமாட்டோம் என்று சொல்லித்தான் பல வீடுகளின் மாடிப்படி ஏறினோம்.

ஈடுபட்டவர்கள் மூவர். படமெடுத்தவர் திருப்பூர்ப் பெண், முப்பதை எட்டாதவர். முகூர்த்த நாட்களில் கல்யாணப் படமெடுத்துச் சம்பாதிப்பார், மற்ற நாட்களில் கேமராவோடு தெருவில் நிற்பார். இரண்டாமவர் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர். மூன்றாமவன் நான், பத்திரிகைப் படப்பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். தனியார் அறக்கட்டளை ஒன்று தந்த சிறு தொகைக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பு என்னுடையது.

கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் வந்தாலும், 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் ஆலைகள் பெருகின. அதே பத்தாண்டில் மதுக்கரையில் சிமெண்டு ஆலையும் தொடங்கியது. பஞ்சிலும் நூலிலும் சேர்ந்த பணம் கடைவீதியில் மாடியாக எழுந்தது. சுண்ணாம்புக் காரையாலும் மரத்தாலும் ஆகாததைச் சிமெண்டும் கம்பியும் செய்தன: தாங்கு தூண் இல்லாமல் நீளும் சன்ஷேடு, வளைந்து திரும்பும் மூலை, அந்தரத்தில் நிற்கும் பால்கனி. 1925 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு உலகம் சுற்றிய ஆர்ட் டெக்கோ பாணி நம் கொத்தனார்கள் கைக்கு வந்தபோது, கைப்பிடிச் சுவரில் உதயசூரியனாகவும் தாமரையாகவும் மயிலாகவும் உட்கார்ந்தது. மும்பையின் ஆர்ட் டெக்கோ வரிசைக்கு 2018-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. நம் வரிசைக்கு ஃப்ளெக்ஸ் பலகை கிடைத்தது.

பலகை கீழ்த்தளத்தைத்தான் மறைக்கிறது. அண்ணாந்து பார்த்தால் எல்லாம் அங்கேயே இருக்கிறது. திட்டத்தின் விதை இந்த ஒரு வரிதான். ஆனால் திட்டமாக எழுதியபோது அது காணாமல் போயிருந்தது.

முதல் திட்டம்

நவம்பரில் படமெடுப்பவர் கொண்டுவந்தது பதினொரு பக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு என மூன்று ஊர்கள், 40 கட்டடங்கள். ஆலைகளின் ரம்பப்பல் கூரை, கடைவீதி மாடிகள், மேம்பாலத் தூண்கள், கிராமத்துத் தொட்டிக்கட்டு வீடுகள் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரில் ஒரு காட்சியமைப்பு விதி குறிக்கப்பட்டிருந்தது: இதற்கு மூன்றில் ஒரு பங்கு (முக்கியப் பொருளை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைப்பது), இதற்குச் சமச்சீர், இதற்குக் கண்ணை இழுத்துச் செல்லும் கோடு, இதற்குச் சட்டத்துக்குள் சட்டம். சீர்வரிசைப் பட்டியல் போல அழகாக இருந்தது. நானும் தலையாட்டினேன். அதை இங்கே மறைப்பதற்கில்லை.

நாள் குறித்தது டிசம்பருக்கு. மழை ஓய்ந்திருக்கும், வானம் துடைத்தாற்போல் இருக்கும், மார்கழிக் காலை வெளிச்சம் இதமாக இருக்கும் என்பது கணக்கு. ட்ரோன் வாடகைக்கும் ஒரு தொகை ஒதுக்கியிருந்தார். அதை மட்டும் அப்போதே அடித்தேன். 2021 ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வைத்திருக்கின்றன. அந்த அனுமதி அலைச்சல் ஒரு காரணம். மொட்டைமாடியில் துணி உலர்த்துகிறவர்களின் தலைக்குமேல் கேமராவைப் பறக்கவிட்டுவிட்டு, மறுநாள் அதே வீட்டுக்கதவைத் தட்ட முடியாது என்பது பெரிய காரணம்.

தெருவில் நின்று கட்டடத்தைப் படமெடுப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டடக்கலைப் படைப்பைப் படமெடுப்பதையும் அந்தப் படத்தை வெளியிடுவதையும் மீறலாகக் கருதுவதில்லை. இதை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தோம். ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கார்ப்பரேஷனிலிருந்து வருகிறீர்களா?"

டிசம்பரில் கண்டவை

சோதனைக்காக ஒரு தெருவை எடுத்துக்கொண்டோம். கிழக்கு மேற்காக ஓடுவது, இருபதடிக்குச் சற்று அதிக அகலம். அதன் தெற்கு வரிசையில் பழைய மாடிகள் பதினொன்று, எல்லாம் வடக்கு பார்த்தவை. மூன்று நாள் காலை, மதியம், மாலை என்று எடுத்தார்.

முதல் நாள் பத்து மணிக்கே விஷயம் தெரிந்துவிட்டது. வெயில் எங்கள் முகத்தில் அடித்தது; சுவர்கள் நிழலில் இருந்தன. மாலையாவது மாறும் என்று காத்திருந்தோம். மாறவில்லை. கோவை ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, நண்பகலிலும் தெற்கே 55 பாகை உயரத்தில்தான் நின்று, தென்மேற்கில் விழுகிறது. வடக்கு பார்த்த சுவரை அது நாள் முழுதும் எட்டிப் பார்ப்பதில்லை. படத்தில் சுவர் சாம்பலாகவும் பின்னால் வானம் வெளுத்தும் விழுந்தன. வீடு வாங்குகிற எந்தக் கவுண்டரம்மாவும் முதலில் கேட்கும் கேள்வி வாசல் எந்தத் திசை என்பது. பதினொரு பக்கத் திட்டத்தில் அந்தப் பத்தி இல்லை.

இரண்டாவது சிக்கல் கோணம். அவரிடம் இருந்தது 24 மில்லிமீட்டர் லென்ஸ். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் மேலும் கீழுமாகச் சுமார் 74 பாகை அடங்கும். 22 அடி தள்ளி, ஐந்தடி உயரத்தில், கேமராவை மட்டமாக வைத்தால் சுவரில் இருபத்தொன்றரை அடி வரைதான் தெரியும். கட்டடத்தின் உயரம் முப்பதடி. நாங்கள் தேடி வந்த சூரியனும் மயிலும் மேலே எட்டடியில் இருக்கின்றன. அவை வெட்டுப்பட்டு, படத்தின் கீழ்ப்பாதியில் தார் ரோடு வந்து உட்கார்ந்தது. கேமராவை அண்ணாத்தினால் எல்லாம் அடங்கும், ஆனால் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அவர் அண்ணாத்தித்தான் எடுத்தார். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறோம்.

மூன்றாவதைச் சொல்வது கடினம். தனித்தனியாகப் பார்த்தால் பல படங்கள் நன்றாகவே இருந்தன. சைக்கிள் மூன்றில் ஒரு பங்கில் நின்றது, மின்கம்பி கண்ணை மூலைக்கு இழுத்துச் சென்றது. பதினொன்றையும் மேசையில் பரப்பியபோது பதினொரு பேர் எடுத்தது போல இருந்தது. கட்டடங்களை ஒப்பிட்டுப் பார்க்கவே முடியவில்லை. கண்ணில் பட்டது காட்சியமைப்பு மட்டும்தான்.

மேஸ்திரியின் பார்வை

ஜனவரியில் ஆசிரியர் தமக்குத் தெரிந்த பழைய கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். அவருடைய அப்பா அந்தப் பகுதியில் காரைப் பூவேலை செய்தவர். வேலைப்பாடுகளின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத்தான் கூப்பிட்டோம்.

டீக்கடை பெஞ்சில் படங்களை வைத்தோம். அவர் முதல் படத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டின் நூலைப் பிரித்து, படத்தின் சுவர் ஓரமாகத் தொங்கவிட்டுப் பிடித்தார்.

"அம்மிணி, இந்தச் சுவர் உள்ளே சாய்ந்திருக்கிறதே. எங்கப்பன் கட்டுகிறபோது தூக்குக்குண்டு போட்டுத்தான் கட்டினார்."

"அது லென்ஸால் வருவது ஐயா. கேமராவை அண்ணாத்தினால் அப்படித்தான் தெரியும்."

"அப்படியானால் ஏன் அண்ணாத்துகிறீர்கள்? எதிர் மாடிக்குப் போய் நேராகப் பாருங்கள். நாங்கள் பூவேலை மட்டம் பார்ப்பது அங்கிருந்துதான்."

இதைவிடச் சுருக்கமாக ஒரு திட்ட விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

முடிவுகளும் காரணங்களும்

அந்த வாரமே பதினொரு பக்கத்தையும் கிழித்தோம். ஊர் மூன்று ஒன்றாயிற்று, தெரு ஒன்று, வரிசை ஒன்று. ஆலைக் கூரைகளைக் கைவிடப் படமெடுப்பவருக்கு மனமில்லை. அது வேறு திட்டம், வேறு வருடம் என்று சொல்லி ஒத்திவைத்தோம்.

எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு விவாதம் நடந்தது. ஆசிரியர் நகர்வு லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம் என்றார். கணக்குப் போட்டால் அது வேலை செய்யும்: கேமராவை மட்டமாகவே வைத்து, லென்ஸை மட்டும் 12 மில்லிமீட்டர் மேலே நகர்த்தினால் 22 அடி தூரத்தில் கூடுதலாகப் பதினோரு அடி கிடைக்கிறது, உச்சி வரை அடங்கிவிடும். சுவரும் சாயாது. ஆனால் பார்க்கிற கண் ஐந்தடி உயரத்திலேயே இருக்கிறது. இரண்டடி நீண்ட சன்ஷேடு, தனக்கு மேலே உள்ள காரைப் பட்டையைக் கீழிருந்து பார்ப்பவருக்கு மறைத்துவிடும். லென்ஸை எவ்வளவு நகர்த்தினாலும் மறைந்தது வெளியே வராது. எதிர் மாடியில் பதினைந்தடி உயரத்தில் நின்றால், மேலே பதினைந்து, கீழே பதினைந்து. இருக்கிற 24 மில்லிமீட்டரே போதும், கேமராவும் மட்டமாக நிற்கும். மென்பொருளில் நேராக்கும் வழியும் உண்டு. படத்தின் மேல்பகுதியை இழுத்து விரிக்கும்போது அங்குள்ள நுணுக்கம் குழைகிறது, மூலைகள் வெட்டுப்படுகின்றன. எங்களுக்கு வேண்டியதே மேல்பகுதிதான். ஆகவே எதிர் மாடி.

மாதத்தை மாற்றினோம். வடக்குச் சுவரில் மார்ச் 21-க்குப் பிறகு காலையிலும் மாலையிலும் சாய்வெயில் விழத் தொடங்கும். ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியனும் வடக்கே நிற்கும். அதற்குள் ஆடியைத் தேர்ந்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று கோவைக்கு மழையைவிட மேகத்தையும் காற்றையுமே அதிகம் தருகிறது. மூடிய வானம் நிழலில்லாத சீரான வெளிச்சம் தரும். பதினொரு முகப்புகளையும் ஒரே தராசில் வைக்கலாம்.

இந்த யோசனை புதிதல்ல. ஜெர்மனியின் பெர்ண்ட் பெஷரும் ஹில்லா பெஷரும் 1959 முதல் நீர்த்தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மேகமூட்டத்தில், நேரெதிரே நின்று, ஒரே அளவில் எடுத்துக் கட்டம் கட்டமாக மாட்டியவர்கள். 1990 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் அவர்களுடைய புகைப்படங்களுக்குச் சிற்பக்கலைக்கான விருது கிடைத்தது. ஆசிரியர் அவர்கள் வழியை அப்படியே பின்பற்றலாம் என்றார். ஆள் இல்லாத கட்டடம் என்ற பகுதி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கடைவீதியில் ஆளில்லாத நேரம் வேண்டுமென்றால் பந்த் நாளில்தான் எடுக்க வேண்டும். பால்கனிக்கு யார் வந்து நின்றாலும் நிற்கட்டும், யாரையும் நிற்கச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. மின்கம்பிகளையும் கேபிள் கற்றைகளையும் அழிக்கக் கூடாது என்பதில் படமெடுப்பவர் பிடிவாதமாக இருந்தார். நான் அழிக்கலாம் என்றேன், தோற்றேன். அவர் செய்தது சரிதான்: கேமராவை ஒரு சாண் ஏற்றி இறக்கி, கம்பி சன்ஷேடின் விளிம்போடு ஒன்றுகிற இடத்தைக் கண்டுபிடித்தார்.

மாடி கேட்ட மாதங்கள்

பிப்ரவரி முதல் மே வரை அனுமதி கேட்பதிலேயே போனது. பதினொரு முகப்புக்கு எதிரே ஒன்பது மாடிகள் கிடைத்தன. கடிதத்தோடு போனபோது ஒருவரும் அசையவில்லை. டிசம்பர்ப் படத்தைக் கையில் கொண்டுபோய், "இது உங்கள் எதிர்வீடு, இதைச் சரியாக எடுக்க வேண்டும்" என்றதும் கதவு திறந்தது.

மே மாதத்தில் ஒருநாள், மளிகை மண்டிக்காரர் ஒருவர் வீட்டு மாடியில் உயரம் அளக்கப் போனோம். தார்ப்பாய் விரித்து மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார்கள். படியேறும்போதே நெடி மூக்கைப் பிடித்தது. "மிதிக்காமல் ஓரமாகப் போ, கண்ணு" என்று வீட்டுக்கார அம்மா சொல்லிக்கொண்டே தார்ப்பாயின் நுனியை மடித்து ஒற்றையடிப் பாதை போலக் கொஞ்சம் இடம் விட்டார். படமெடுப்பவர் முக்காலியை ஊன்றி, ரசமட்டத்தை வைத்து, தும்மி, மறுபடி ரசமட்டத்தைச் சரிசெய்து, நிமிர்ந்தார். எதிரே, வரிசையில் ஐந்தாவது கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருந்தது.

அந்தக் கட்டடத்தின் கைப்பிடிச் சுவரில் உதயசூரியன் இருந்தது, வலது ஓரத் தூணில் 1938 என்று காரையில் புடைத்திருந்தது. ஓடிப்போய்க் கேட்டோம். உரிமையாளர் மரியாதையாகவே பேசினார். மழைக்கு முகப்பில் நீர் ஒழுகுகிறது, வாடகைக்கு வருகிற கடைக்காரர் ஏசிபி ஷீட் போட்டுத் தந்தால்தான் வருவேன் என்கிறார். இரண்டு நாளில் நீலநிற அலுமினியப் பலகைகள் ஏறிவிட்டன. சூரியன் உள்ளேயே இருக்கிறதா, கொத்தி எடுத்துவிட்டார்களா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எங்களுக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. எங்களிடம் இருந்த ஒரே படம் டிசம்பரில் அண்ணாத்தி எடுத்த, சுவர் சாய்ந்த, சாம்பல் நிறப் படம்.

ஆடி

அம்மியே பறக்கும் என்பார்கள், முக்காலி எம்மாத்திரம். நடுத்தண்டின் கொக்கியில் இரண்டு செங்கல் போட்ட பையைத் தொங்கவிட்டோம். பை ஆடினால் முக்காலியும் ஆடுகிறது என்று முதல் நாளே தெரிந்தது. பையைத் தரையில் படும்படி இறக்கிக் கட்டினோம். மேகமூட்டத்தில் சாவதானமாக நீண்ட நேரம் திறந்து எடுக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400, லென்ஸ் திறப்பு எஃப் 8, நேரம் நொடியில் 250-இல் ஒரு பங்கு என்று படமெடுப்பவர் வைத்துக்கொண்டார். பதினான்கு நாள் காத்திருந்ததில் ஐந்து நாள் சரியான மேகம் கிடைத்தது. எட்டு முகப்புகள் முடிந்தன.

எதிர்பாராமல் கிடைத்தது மேகம் விலகிய ஒரு நண்பகல். நண்பகல் வெளிச்சம் படத்துக்கு ஆகாது என்பது நாங்கள் எல்லோரும் ஓதுகிற பாடம். ஜூலை பிற்பகுதியில் கோவையில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டரை மணியை ஒட்டி, அதுவும் உச்சியிலிருந்து வடக்கே 10 பாகைதான் விலகி. வெயில் வடக்குச் சுவரை உரசிக்கொண்டு இறங்குகிறது. நான்கு அங்குலம் நீட்டிய காரைப் பட்டை இருபத்திரண்டு அங்குல நிழல் போடுகிறது. மேகத்தில் தட்டையாக இருந்த மயிலின் கழுத்து, தோகைக் கண், மேஸ்திரியின் அப்பாவுடைய கரண்டி தடம் எல்லாம் ஒரு கால்மணி நேரம் எழுந்து நின்றன. அதே வெயிலில் முழு முகப்பை எடுக்க முயன்றது வீண்: இரண்டடி சன்ஷேடின் நிழல் ஒரு மாடியையே விழுங்கிவிட்டது. முழு முகப்புக்கு மேகம், கைப்பிடிச் சுவர் வேலைப்பாட்டுக்கு உச்சி வெயில் என்று அன்றைக்கே பிரித்துக்கொண்டோம்.

விளைவு

செப்டம்பரில் எட்டு முகப்புகளை நான்கு நான்காக இரண்டு வரிசையிலும், நண்பகல் துண்டுப் படங்கள் பன்னிரண்டை எதிர்ச்சுவரிலும் மாட்டினோம். தெருக்காரர்கள் தங்கள் வீட்டைவிட எதிர்வீட்டையே அதிக நேரம் பார்த்தார்கள். அவர்கள் வருடக்கணக்காகப் பார்த்தது அதைத்தானே.

மேஸ்திரி வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், ஏழாவது படத்தின் முன் நின்றார். இந்தமுறை நூலை எடுக்கவில்லை.

"இது மட்டும் நிஜமாகவே சாய்ந்திருக்கிறது."

எட்டுப் படங்களிலும் கேமரா ரசமட்டத்தில் இருந்தது. ஆகவே சாய்வைக் கேமராவின் தலையில் போட முடியவில்லை. மறுநாள் ஆசிரியர் அந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். இடது ஓரச் சுவர் ஒன்றேகால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னோம். பொறியாளரை அழைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

திட்டத்தாளின் முதல் பத்தியாக ஒவ்வொரு சுவரும் பார்க்கும் திசையை எழுத வேண்டும். மாதம் அதிலிருந்தே கிடைத்துவிடும். அனுமதிக்கு நான்கு மாதம் என்பதை அலைச்சலாகக் கருதாமல் வேலையாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் நிதியில் அதற்கு ஒரு பைசா ஒதுக்கியிருக்கவில்லை, பஸ் செலவு அவரவர் கைக்காசு.

பெரிய தவறு ஐந்தாவது கட்டடம். நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருந்தது சரி. அதற்கு முன்னால், கலை எதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டு, பதினொன்றையும் கிடைத்த வெளிச்சத்தில் கிடைத்த மாடியிலிருந்து நேராக ஒருமுறை எடுத்து வைத்திருக்கலாம். ஜனவரியிலேயே மேஸ்திரி வழி சொல்லிவிட்டார். ஜூலை வரை அந்த மாடிகளில் ஒரு படமும் எடுக்காமல் உயரத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தோம்.

ஐந்தாவது கட்டடத்தின் டிசம்பர்ப் படத்தைக் கண்காட்சியில் சேர்ப்பதா என்று மூவருக்கும் கருத்து வேற்றுமை. கடைசியில் வரிசைக்கு வெளியே, வாசலருகே, தேதியோடு சிறியதாக மாட்டினோம். கட்டட உரிமையாளர் வந்திருந்தார். அதன் பிரதி ஒன்று கடையில் மாட்டுவதற்கு வேண்டும், சாய்வை மட்டும் நேராக்கித் தர முடியுமா என்று கேட்டார். படமெடுத்தவர் மடிக்கணினியைத் திறந்து நேராக்கிக் காட்டினார். சுவர் நிமிர்ந்தது, மேல் மூலைகள் வெட்டுப்பட்டன, வலது ஓரத் தூணோடு 1938 போய்விட்டது.

"ஆண்டு வேண்டுமா அண்ணா, நேர்ச்சுவர் வேண்டுமா?"

அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆண்டு இருக்கட்டும் என்றார். சாய்ந்த படத்தையே சட்டம் போட்டுக் கொடுத்தோம்.